மின்சாரக் காருக்குப் பழைய சப்ஃப்ரேம் வாங்கலாமா? நான்கு வழிகளும் அவற்றின் மறைசெலவுகளும்

தொப்பூர் கணவாயில் முன்னால் போன லாரியிலிருந்து விழுந்த கல், சூளகிரி பக்கம் சர்வீஸ் ரோட்டில் இருட்டில் தெரியாத வேகத்தடை, ஓசூரில் மீடியன் முனை. காரின் அடிப்பாகம் அடிபட தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் காரணத்துக்குக் குறைவில்லை. அடிபட்ட பிறகும் வண்டி ஓடுகிறது. ஆனால் ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கிறது. லிஃப்டில் ஏற்றிப் பார்த்தால் முன் சப்ஃப்ரேம் (முன்சக்கர அமைப்பைத் தாங்கி, பாடியின் அடியில் போல்ட்டில் நிற்கும் உலோகக் கூடு) வளைந்திருக்கிறது. சர்வீஸ் சென்டரில் புதுசு போட வேண்டும் என்கிறார்கள். பட்டறைக்காரர் பெங்களூரில் பழசு கிடைக்கும் என்கிறார். இன்னொருவர் நிமிர்த்தித் தருவதாகச் சொல்கிறார். பெட்ரோல் மாடலின் பாகமே உட்காரும் என்று நான்காவதாக ஒரு யோசனையும் வந்து சேரும்.

இந்த நான்கையும் பாகத்தின் விலையை மட்டும் வைத்து ஒப்பிட்டால் பழசுதான் எப்போதும் ஜெயிக்கும். பாகம் வண்டியில் ஏறி, அலைன்மென்ட் ரிப்போர்ட் கைக்கு வரும்வரை ஆகும் மொத்தச் செலவை வைத்து ஒப்பிட்டால் கணக்கு மாறுகிறது.

ஆனால் எதையும் ஒப்பிடுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. சப்ஃப்ரேமை வளைத்த அடி பேட்டரி பெட்டியையும் தொட்டதா என்று பார்க்க வேண்டும். அடிக்காப்புத் தகட்டைக் கழற்றி, பெட்டியின் முன்விளிம்பில் பள்ளம், விரிசல், கூலன்ட் கசிவு இருக்கிறதா என்று அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் பார்த்து எழுத்தில் வாங்குங்கள். பேட்டரிக்கு அடி என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்கு உதவாது. நேராகக் காப்பீட்டுக்குப் போங்கள்.

எதை வைத்து முடிவு செய்வது

ஐந்து விஷயங்கள். முதலாவது, பார்ட் நம்பர் பொருந்துகிறதா. இரண்டாவது, பாகம் போல்ட்டில் நிற்கிறதா, வெல்டில் நிற்கிறதா, பேட்டரியோடு ஒட்டியதா. மூன்றாவது, மொத்தச் செலவு. நான்காவது, காப்பீடும் வாரண்டியும். ஐந்தாவது, பாகம் எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்கான காகிதம். வண்டி எத்தனை நாள் நிற்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். தினமும் ஓசூர் சிப்காட்டுக்கு வேலைக்குப் போய்வருகிறவருக்கு அது பெரிய விஷயம், வீட்டில் இன்னொரு வண்டி இருப்பவருக்கு இல்லை.

இரண்டாவது அளவுகோலே பாதி முடிவைச் சொல்லிவிடும். முன் சப்ஃப்ரேம், பின் ஆக்சில் பீம், பம்பர் பீம், போல்ட்டில் நிற்கும் ரேடியேட்டர் சப்போர்ட் ஆகியவற்றைக் கழற்றி மாட்டலாம். இவற்றில் பழசு வாங்குவது பற்றிப் பேச இடம் உண்டு. ஏப்ரன் (முன்சக்கரத்துக்கு உள்பக்கத் தகடு), சேஸிஸ் ரயில் (பாடியின் நீளவாட்டுச் சட்டம்), பில்லர், கதவுக்குக் கீழே ஓடும் சில் பேனல் எல்லாம் வெல்டில் நிற்பவை. இவற்றைப் பழசாக வாங்குவது என்றால் இன்னொரு வண்டியை கேஸ் கட்டரில் அறுத்து எடுத்த துண்டை வாங்குவது. மின்சாரக் காரில் பக்கவாட்டு மோதலில் பேட்டரியைக் காப்பது அந்த சில் பேனல்தான். அதில் சூடுபட்ட பழைய துண்டை ஒட்டுவதைச் சிக்கனம் என்று சொல்ல முடியாது. பேட்டரி பெட்டியின் கூடு, அதன் மூடி, சீல் இவற்றைப் பழசாகத் தேடவே வேண்டாம். ஐபி67 தரத்தில் தண்ணீர் புகாமல் அடைத்த பெட்டியை ஒருமுறை திறந்து மூடினால் அந்தத் தரம் இன்னும் இருக்கிறது என்று யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள்.

ஆகவே கீழே பேசுவது பெரும்பாலும் முன் சப்ஃப்ரேம் பற்றி. அதிகம் அடிபடுவதும் அதுதான், குழப்பம் அதிகமாக இருப்பதும் அதில்தான். லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழே பிடிக்கும் கை), ஸ்டியரிங் ராக் (சக்கரத்தைத் திருப்புவது), ஸ்டெபிலைசர் பார் (வளைவில் சாய்வைக் குறைக்கும் கம்பி) ஆகியவற்றை அது தாங்குகிறது. பல மாடல்களில் மோட்டார் உதைப்பதைத் தாங்கும் டார்க் ராடும் அதில்தான் மாட்டியிருக்கும். இரண்டு மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்தாலும் டயர் ஒருபக்கமாகத் தேய்ந்து சொல்லிவிடும்.

வழி 1: புதிய ஒரிஜினல்

சேஸிஸ் நம்பரைக் கொடுத்தால் பார்ட்ஸ் கவுன்டரில் சரியான நம்பரைச் சொல்வார்கள், பாகமும் அதுவாகவே வரும். பல மாடல்களில் புஷ் (மாட்டும் துளையில் இருக்கும் ரப்பர் உருளை) போட்டே வரும். வருகிறதா என்று கேட்டுவிடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்கள் எல்லாவற்றுக்கும் ஜி.எஸ்.டி. 18 சதவீதம். அதற்கு முன் பெரும்பாலானவற்றுக்கு 28 சதவீதம். பழைய எஸ்டிமேட்டை வைத்துக்கொண்டு பழசு மலிவு என்று முடிவு செய்தவர்கள் இன்னொருமுறை விலை கேட்பது நல்லது.

இந்த வழியின் மறைசெலவு காத்திருப்பு. ஆர்டர் போட்டால் எத்தனை நாளில் வரும் என்பதை எழுத்தில் கேளுங்கள். அதுவரை வண்டியைப் பட்டறையில் நிறுத்தினால் பார்க்கிங் கட்டணம் உண்டா என்பதையும் முன்கூட்டியே கேளுங்கள்.

காப்பீட்டில் போவதா, கைக்காசா என்பது தனிக் கணக்கு. ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத கூடுதல் கவர்) இல்லாத பாலிசியில் உலோகப் பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பொறுத்துத் தேய்மானம் கழிப்பார்கள்: 6 மாதம் வரை இல்லை, 1 ஆண்டு வரை 5 சதவீதம், 2 ஆண்டு வரை 10, 3 ஆண்டு வரை 15, 4 ஆண்டு வரை 25, 5 ஆண்டு வரை 35, 10 ஆண்டு வரை 40, அதற்கு மேல் 50. ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கு எந்த வயதிலும் 50 சதவீதம். மூன்றரை வயது வண்டிக்கு ஒரு பேச்சுக்கு ₹30,000 சப்ஃப்ரேம் என்றால் உங்கள் பங்கு ₹7,500, அதோடு பாலிசியில் சொன்ன கட்டாயக் கழிவு (ஒவ்வொரு கிளெய்மிலும் நீங்கள் ஏற்கும் தொகை). ஜீரோ டெப் இருந்தால் அந்த ₹7,500-உம் இல்லை. கன்ஸ்யூமபிள்ஸ் கவர் இல்லையென்றால் போல்ட், கூலன்ட் போன்றவை உங்கள் கையிலிருந்து போகும்.

மறந்துபோவது நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் போடாத ஆண்டுகளுக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி. அது 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஆண்டுக்கு ஆண்டு ஏறும். ஒரு கிளெய்ம் போட்டால் பூஜ்ஜியத்துக்கு வரும். இப்போது 35 சதவீதத்தில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளெய்ம் போடாவிட்டால் அடுத்த மூன்று புதுப்பித்தலில் 45, 50, 50. போட்டால் 0, 20, 25. வித்தியாசம் 45, 30, 25, கூட்டினால் 100. அதாவது மூன்று ஆண்டில் நீங்கள் இழப்பது ஏறக்குறைய ஓர் ஆண்டின் முழு ஓன் டேமேஜ் பிரீமியம் (சொந்த வண்டியின் சேதத்துக்கானது), அதுவும் போனஸ் கழிக்காத பிரீமியம். சப்ஃப்ரேம் மட்டும்தான் சேதம் என்றால் இந்தத் தொகையையும் மேலே சொன்ன உங்கள் பங்கையும் கூட்டி, கிளெய்மில் கிடைக்கும் பணத்தோடு ஒப்பிடுங்கள். சில சமயம் கைக்காசே மேல். போனஸ் பாதுகாப்பு கவர் எடுத்திருந்தால் இந்தக் கவலை இல்லை.

எந்த வழி என்று முடிவு செய்யும்வரை சேதமான பாகத்தைக் கழற்றாதீர்கள். காப்பீட்டுக் கம்பெனியின் சர்வேயர் வருவதற்கு முன் கழற்றினால் கிளெய்ம் வழி அடைபடும். பழுதுச் செலவு ஐ.டி.வி.யில் (பாலிசியில் வண்டிக்குக் குறித்த மதிப்பு) 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ் (முழுச் சேதம்) கணக்கில் போகும் என்பதையும் மனதில் வையுங்கள்.

வழி 2: அதே மாடலின் பழைய ஒரிஜினல்

மின்சாரக் கார் இங்கே பெரிய எண்ணிக்கையில் ஓடத் தொடங்கியதே நெக்ஸான் ஈ.வி.யும் எம்.ஜி. இசட்.எஸ். ஈ.வி.யும் வந்த 2020-க்குப் பிறகுதான். ஆகவே உடைப்புக்கு வந்த வண்டிகள் குறைவு. கிருஷ்ணகிரி, தருமபுரி காயலான் கடைகளில் தேடி நேரத்தைக் கழிக்க வேண்டாம். பெங்களூரு சிவாஜிநகர், சென்னை புதுப்பேட்டை, கோவை உக்கடம் ஆகிய மூன்று இடங்களில் விசாரிக்கலாம். ஓசூர்காரருக்கு பெங்களூரு 40 கிலோமீட்டர், கிருஷ்ணகிரிக்காரருக்கு 90. நேரில் போய்ப் பார்க்கும் தூரம்தான். படத்தை மட்டும் பார்த்து டெல்லியிலிருந்து பார்சலில் வரவழைப்பது வேறு விளையாட்டு. 20 கிலோ இரும்பைத் திருப்பி அனுப்பும் செலவு யார் தலையில் என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது.

பழசின் உண்மைச் செலவுக்கு ஒரு மாதிரிக் கணக்கு. எண்கள் ஊகம், உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள். புதுசு ₹30,000, பழசு ₹12,000. பார்வைக்கு ₹18,000 மிச்சம். பழைய புஷ்களைப் பிரஸ்ஸில் தள்ளிப் புதிதாகப் போட ₹3,000. துரு சுரண்டி, பிரைமர், பெயின்ட், உள்ளே மெழுகு அடிக்க ₹1,500. கொண்டுவர ₹1,000. மிச்சம் ₹12,500 ஆகிவிட்டது. மாட்டிப் பார்த்து உட்காரவில்லை என்று கழற்றினால் லேபர் இரண்டு தடவை. அது ₹8,000 என்றால் மிச்சம் ₹4,500. பழசு புதுசின் பாதி விலையைத் தாண்டினால் அந்தப் பேரத்திலிருந்து எழுந்து வந்துவிடுவது நல்லது என்பது எங்கள் கணிப்பு.

கடைக்காரர்கள் பெரும்பாலும் செட்டாகத்தான் கொடுக்கப் பார்ப்பார்கள்: சப்ஃப்ரேம், இரண்டு லோயர் ஆர்ம், ராக், ஸ்டெபிலைசர் பார் எல்லாம் சேர்த்து. லோயர் ஆர்ம்களின் பால் ஜாயின்ட் தேய்ந்திருக்கும், அவற்றுக்குத் தனியாகக் காசு கொடுக்காதீர்கள். பவர் ஸ்டியரிங் மோட்டார் ராக்கிலேயே இருக்கும் மாடல் என்றால் அந்த ராக் உங்கள் வண்டியில் கோடிங் (வண்டியின் கம்ப்யூட்டரோடு மென்பொருளில் பொருத்துவது) கேட்கலாம். உங்கள் ராக் நன்றாக இருந்தால் அதையே மாற்றி மாட்டுங்கள்.

அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர் வெளியிலிருந்து வாங்கிவந்த பழைய பாகத்தை மாட்ட ஒப்புக்கொள்ளும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வெளிப் பட்டறைதான். அங்கே ஹை வோல்ட்டேஜ் இணைப்பைத் துண்டிக்கத் தெரிந்த ஆள் இருக்கிறாரா என்பதைப் பாகம் வாங்கும் முன் உறுதிசெய்யுங்கள், வாங்கிய பின் அல்ல. வாரண்டி முழுக்கப் போய்விடும் என்று பயமுறுத்துவார்கள், அது மிகை. ஆனால் மோட்டார் மவுன்ட், ஸ்டியரிங், சஸ்பென்ஷன் என்று அந்தப் பாகத்தோடு தொட்ட பழுது எது வந்தாலும் மறுக்க அவர்களுக்கு ஒரு காரணம் கிடைக்கும். முதல் தலைமுறை நெக்ஸான் ஈ.வி.க்கு பேட்டரி, மோட்டார் வாரண்டி 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர். நான்கு ஆண்டு மீதம் உள்ள ஒருவர் ₹4,500-க்காக மோட்டார் மவுன்டில் வாக்குவாதத்துக்கு இடம் கொடுப்பாரா என்பதை அவரே முடிவு செய்யட்டும்.

வழி 3: இருப்பதையே நிமிர்த்துவது

ஓசூரில் லேத், பிரஸ், டூல் ரூம் எதற்கும் பஞ்சமில்லை. அதனால்தான் இந்த யோசனை இந்தப் பக்கம் சீக்கிரம் வருகிறது. ஆனால் சப்ஃப்ரேம் என்பது அழுத்தி வடிவெடுத்த தகடுகளை வெல்டில் சேர்த்த கூடு. வளைந்த இடம் ஏற்கெனவே இழுபட்டு இறுகியிருக்கும். பிரஸ்ஸில் திருப்பி வளைத்தால் விரிசல் பெரும்பாலும் பக்கத்து வெல்டின் ஓரத்தில் வரும். கேஸ் வைத்துச் சூடாக்கினால் உயர்வலிமை எஃகின் வலிமை போய்விடும், எவ்வளவு போனது என்று பார்வைக்குத் தெரியாது. அலுமினியம் என்றால் பேச்சே இல்லை. காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

இந்த வழி சரியாக இருக்கும் இடங்களும் உண்டு, குறுகியவை. கூடு நேராக இருந்து, அடிக்காப்புத் தகடு மாட்டும் காது மட்டும் மடங்கியிருந்தால் நிமிர்த்தலாம். தகட்டின் போல்ட் துளையில் மரை போயிருந்தால் ஹெலிகாயில் (புது மரை தரும் கம்பிச் சுருள்) போடலாம். புஷ் மட்டும் கிழிந்திருந்தால் புஷ் மட்டும் மாற்றலாம். லோயர் ஆர்ம் மாட்டும் இடமும், பாடியோடு சேரும் நான்கு இடமும், டார்க் ராட் இடமும் தொடப்படாமல் இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று வளைந்திருந்தாலும் நிமிர்த்தல் கணக்கில் வராது.

வழி 4: பெட்ரோல் மாடலின் பாகம்

"ஒரே பாடிதானே சார்" என்பதில் பாதி உண்மை இருக்கிறது, அதுதான் ஆபத்து. எக்ஸ்யூவி 400 எக்ஸ்யூவி 300-இலிருந்து வந்ததுதான். ஆனால் நீளம் 4,200 மி.மீ., மற்றது 3,995 மி.மீ. பஞ்ச் ஈ.வி. வெளியே பார்க்கப் பெட்ரோல் பஞ்ச் மாதிரியே இருக்கும், அடித்தளம் ஆக்டி.ஈ.வி., பெட்ரோலுக்கு ஆல்ஃபா. உருவ ஒற்றுமையை நம்பி அடிப்பாகம் வாங்கக் கூடாது என்பதற்கு இது போதும்.

அடித்தளம் ஒன்றாக இருக்கும் மாடல்களிலும் மோட்டார் மவுன்ட் துளை வேறு இடத்தில் இருக்கலாம், தகட்டின் கனம் வேறாகலாம், கூலன்ட் பம்ப் பிராக்கெட்டும், ஹை வோல்ட்டேஜ் ஓடும் ஆரஞ்சு கேபிளின் கிளிப்பும் மாட்டும் இடமே இல்லாமல் இருக்கலாம். நான்கு போல்ட் உட்கார்ந்துவிட்டது என்பதால் பாகம் பொருந்திவிட்டது என்று ஆகாது. கிளிப் இல்லாத ஆரஞ்சு கேபிளை டை போட்டுக் கட்டி, அது சப்ஃப்ரேம் விளிம்பில் உரசினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்த வழி சரியாகும் ஒரே இடம்: பார்ட்ஸ் கவுன்டரில் இரண்டு வண்டிக்கும் ஒரே பார்ட் நம்பர் என்று வந்தால். அப்போது அது வழி 1 அல்லது வழி 2. கிடைக்கும் கடைகள் மட்டும் கூடுதல், அதுவே பெரிய லாபம்.

| அளவுகோல் | புதுசு | அதே மாடல் பழசு | நிமிர்த்தல் | பெட்ரோல் மாடல் |
|---|---|---|---|---|
| பொருத்தம் | உறுதி | நம்பர் ஒத்தால் உறுதி | அளந்தால்தான் தெரியும் | நம்பர் ஒத்தால் மட்டும் |
| பாக விலை | அதிகம் | பாதிக்குக் கீழே இருந்தால் பார்க்கலாம் | மிகக் குறைவு | குறைவு |
| மறைசெலவு | காத்திருப்பு, போனஸ் இழப்பு | புஷ், துரு, இரட்டை லேபர் | டயர், விரிசல் | பிராக்கெட், கேபிள், இரட்டை லேபர் |
| காப்பீடு | ஏற்கும் | பில் இல்லாமல் ஏற்காது | சிறு காதுக்கு மட்டும் | ஏற்காது |
| யாருக்கு | வாரண்டி, ஜீரோ டெப் உள்ளவர் | வாரண்டி முடிந்து கைக்காசு போடுபவர் | காது, மரை, புஷ் மட்டும் போனவர் | கிட்டத்தட்ட யாருக்கும் இல்லை |

பார்ட் நம்பரைப் பிடிப்பது

மாடல் பெயரும் ஆண்டும் போதாது. நெக்ஸான் ஈ.வி. 2020-இல் 30.2 கிலோவாட் அவர் பேட்டரியோடு வந்தது, 2022-இல் 40.5 கிலோவாட் அவரோடு மேக்ஸ் வந்தது. 2023 செப்டம்பரில் முகம் மாறியது. கடைக்காரருக்கு மூன்றும் "நெக்ஸான் ஈ.வி."தான். உங்களுக்கு அப்படி இருக்க முடியாது.

ஆர்.சி.யில் உள்ள 17 எழுத்து சேஸிஸ் நம்பரைக் கொண்டு பார்ட்ஸ் கவுன்டரில் நம்பர் வாங்குங்கள். பழைய நம்பருக்குப் பதிலாகப் புது நம்பர் வந்திருக்கிறதா, வந்திருந்தால் பழையது புதியதன் இடத்தில் உட்காருமா என்றும் கேளுங்கள். கம்பெனி நம்பரை மாற்றியதற்குச் சில சமயம் சப்ளையர் மாறியது மட்டும் காரணம். சில சமயம் துளையே நகர்ந்திருக்கும். அடுத்து உங்கள் வண்டியிலுள்ள சப்ஃப்ரேமில் ஸ்டிக்கரோ அச்சோ இருந்தால் படம் எடுங்கள். மூன்றாவதாகக் கடைக்காரரிடம்: "ண்ணா, எந்த வண்டியில இருந்து எடுத்தது? அந்த சேஸிஸ் நம்பர் போட்டோ அனுப்புங்க." அனுப்பினால் அதையும் கவுன்டரில் கொடுத்து நம்பர் வாங்கி ஒப்பிடுங்கள். அனுப்பாதவரிடம் விலை பேச வேண்டாம்.

சேஸிஸ் நம்பர் கேட்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. திருட்டு வண்டியை உடைத்து விற்ற பாகம் என்று தெரிந்தோ, நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதா 317-ஆம் பிரிவில் வாங்கியவரும் மாட்டுவார். வண்டி எண்ணை அரசின் எம்-பரிவாகன் ஆப்பில் போட்டு ஆர்.சி. நிலையைப் பாருங்கள். நிரந்தரமாக ஓட முடியாமல் போன வண்டியின் பதிவை ரத்து செய்ய வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம் 55-ஆம் பிரிவு. முறையாக உடைக்கும் இடத்தில் இந்தக் காகிதம் இருக்கும். பில்லில் பாகத்தின் பெயர், பழைய வண்டியின் எண், "ஒரு வாரத்துக்குள் பொருந்தாவிட்டால் திரும்ப" என்ற வரி, மூன்றும் இருக்கட்டும். மாநிலம் தாண்டி வரும் சரக்கின் மதிப்பு ₹50,000-ஐத் தாண்டினால் இ-வே பில்லும் வேண்டும். தனி சப்ஃப்ரேமுக்கு அது வராது. முழு செட்டோடு வேறு பாகங்களும் வாங்கினால் வரலாம்.

கடையில் பார்க்க வேண்டியது

எடுத்துப்போக வேண்டியவை: இரும்பு டேப், டார்ச், கம்பி பிரஷ், காந்தம், உங்கள் சப்ஃப்ரேமின் படங்கள்.

முதலில் எப்படிக் கழற்றியிருக்கிறார்கள் என்று பாருங்கள். போல்ட்டைத் திறக்காமல் கேஸ் கட்டரில் அறுத்திருந்தால், அறுத்த இடத்துக்கு அருகில் எஃகு நீலம் பாய்ந்திருக்கும். வேண்டாம். புதிதாகக் கறுப்பு பெயின்ட் அடித்திருந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெல்ட் ஓரங்களில் பிரஷ் போட்டுச் சுரண்டிப் பாருங்கள். துரு படிந்த, யாரும் தொடாத பாகம் அதைவிட நம்பத்தக்கது.

பிறகு அளவு. பாடியில் மாட்டும் நான்கு துளைகளின் மூலைவிட்டம் இரண்டையும் அளங்கள். இடமும் வலமும் ஒரே அமைப்பில் உள்ள சப்ஃப்ரேமில் இரண்டுக்கும் 2 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. பாடி வேலையில் பொதுவாக 3 மி.மீ. வரை விடுவார்கள்; வாங்கும் பாகத்துக்கு அவ்வளவு தாராளம் வேண்டாம். லோயர் ஆர்ம் துளைகளிலிருந்து பின் மாட்டும் துளைக்கு உள்ள தூரம் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். துளைகள் வட்டமாக இருக்கின்றனவா, நீண்டிருக்கின்றனவா என்றும் பாருங்கள். முறுக்கு இருக்கிறதா என்று பார்க்கத் தட்டையான பரப்பு வேண்டும். அதற்கு இந்த ஊரில் என்ன குறை, பாலிஷ் போட்ட கிரானைட் பலகை ஒன்று போதும். நான்கு காலும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டியதில்லை. இடக்காலுக்கும் வலக்காலுக்கும் உயரம் ஒன்றாக இருக்க வேண்டும்.

விரிசல் பார்க்க டை பெனட்ரன்ட் ஸ்ப்ரே உண்டு. ஓசூரில் தொழிற்சாலைச் சாமான் விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். கிளீனர், சிவப்பு டை, டெவலப்பர் என மூன்று டின். பெயின்டைச் சுரண்டி, துடைத்து, டை அடித்து, டின்னில் போட்டிருக்கும் நேரம் ஊறவிட்டு, துடைத்து, டெவலப்பர் அடித்தால் விரிசல் இருக்கும் இடத்தில் வெள்ளைமேல் சிவப்புக் கோடு எழும். கடையில் செய்ய விடமாட்டார்கள். வாங்கி வந்ததும், திருப்பிக் கொடுக்கும் தவணைக்குள் செய்யுங்கள்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியின் பாகம் தனி ரகம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் சென்னையில் எத்தனையோ வண்டிகள் மூழ்கின; 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் மழையில் நம் ஊத்தங்கரையிலேயே வண்டிகளை வெள்ளம் அடித்துச் சென்றது. அப்படி வந்த சப்ஃப்ரேம் வெளியே சுத்தமாக இருக்கும், கூட்டுக்குள் வண்டல் இருக்கும். நீர் வடியும் துளைக்குள் விரலை விட்டுப் பாருங்கள், கவிழ்த்துத் தட்டிப் பாருங்கள். மண்ணோடு துருத் தகடும் உதிர்ந்தால் விட்டுவிடுங்கள். வெறும் மண் என்றால் கழுவிக் காயவைத்து உள்ளே மெழுகு அடித்துப் பயன்படுத்தலாம், விலையில் அதைக் குறைத்துக்கொண்டு.

மாட்டும்போது

12 வோல்ட் பேட்டரியின் நெகட்டிவ்வைக் கழற்றி, சர்வீஸ் டிஸ்கனெக்டை (ஹை வோல்ட்டேஜைத் துண்டிக்கும் பிளக்) எடுத்து, கையேட்டில் சொன்ன நேரம் காத்திருந்து, 1000 வோல்ட் கையுறையோடு பூஜ்ஜியம் வோல்ட் என்று அளந்த பிறகே ஆரஞ்சு கேபிளுக்குப் பக்கத்தில் கை போக வேண்டும். சப்ஃப்ரேம் இறங்கும்போது மோட்டாரை மேலிருந்து சப்போர்ட் பாரில் தொங்கவிட வேண்டும். ஜாக்கி வைத்துத் தாங்கினால் நழுவும், இழுபடுவது கேபிள்.

போல்ட் புதிதாக வாங்குங்கள். பல மாடல்களில் சப்ஃப்ரேம் போல்ட் ஒருமுறை முறுக்கினால் நீளும் ரகம். இரண்டாம் முறை அதே டார்க் காட்டும், அதே பிடி இருக்காது. லோயர் ஆர்ம் புஷ் போல்ட்டுகளைச் சக்கரம் தரையில் நிற்கும் உயரத்தில் வைத்துத்தான் இறுதியாக முறுக்க வேண்டும். லிஃப்டில் தொங்கும் நிலையில் முறுக்கினால் ரப்பர் முறுக்கியபடியே நின்று சில மாதத்தில் கிழியும். புதிய புஷ் போட்ட காசு வீண்.

பழைய பாகத்துக்குப் பெயின்ட் அடிக்கும்போது பட்டறைகள் வழக்கமாக விடும் தவறு எர்த். எர்த் பட்டை மாட்டும் இடத்திலும் பெயின்ட் ஏறிவிடும். மின்சாரக் காரில் ஹை வோல்ட்டேஜ் பாகங்களின் உலோக வெளிக்கூட்டுக்கும் பாடிக்கும் இடையே தடை 0.1 ஓமுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது தரநிலை. எர்த் பட்டை சப்ஃப்ரேம் வழியாகப் போகும் மாடலில் பெயின்ட் அதைக் கெடுத்துவிடும். தொடும் பரப்பை வெள்ளையாகச் சுரண்டிவிட்டு மாட்டுங்கள். சாதாரண மல்டிமீட்டரில் 0.1 ஓம் தெரியாது, மில்லி ஓம் மீட்டர் வேண்டும். கேபிளைத் தொட்டு வேலை நடந்திருந்தால் இன்சுலேஷனும் அளக்கச் சொல்லுங்கள். ஒரு வோல்ட்டுக்கு 100 ஓம் என்பது டி.சி. பக்கத்துக்கான கீழ் வரம்பு. 320 வோல்ட் பேக் என்றால் 32,000 ஓம். நல்ல வண்டி அதற்கு மிக மேலே காட்டும், வரம்பை ஒட்டிக் காட்டினாலே எங்கோ ஈரமோ உரசலோ இருக்கிறது.

கடைசியாக அலைன்மென்ட். டோ (சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் கோணம்) மட்டும் சரிசெய்து அனுப்பும் கடை வேண்டாம். கேம்பர் (சக்கரம் பக்கவாட்டில் சாயும் கோணம்), காஸ்டர் (ஸ்டியரிங் அச்சு முன்பின் சாயும் கோணம்) இரண்டும் அச்சிட்ட ரிப்போர்ட் கேளுங்கள். பல கார்களின் முன்பக்கத்தில் அவற்றைத் திருகிச் சரிசெய்ய முடியாது. அதனாலேயே அந்த எண்கள் சப்ஃப்ரேம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொய் சொல்லாமல் காட்டும். இடம், வலம் வித்தியாசம் கையேட்டு வரம்பைத் தாண்டினால் சப்ஃப்ரேமைத் தளர்த்தி, வழிகாட்டித் துளையில் மீண்டும் நிறுத்தி முறுக்க வேண்டும். அப்போதும் மாறாவிட்டால் வளைந்தது பாடியின் ரயிலாக இருக்கலாம், பாகத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. ஸ்டியரிங் ஆங்கிள் சென்சார் ரீசெட்டும், கேமரா அல்லது ரேடார் உள்ள மாடலில் அதன் காலிப்ரேஷனும் இதற்குப் பிறகுதான். அந்தக் காலிப்ரேஷன் எந்த ஊரில் செய்வார்கள் என்று முதலிலேயே கேட்டுவையுங்கள். கிருஷ்ணகிரியிலிருந்து அதற்காகவே பெங்களூரோ சேலமோ போக நேர்ந்தால் அதுவும் பழசின் விலையில் சேரும்.

கழற்றிய வளைந்த சப்ஃப்ரேமை இந்த ரிப்போர்ட் வரும்வரை காயலான் கடைக்குப் போடாதீர்கள். கேபிள் கிளிப், சிறு பிராக்கெட், கூண்டு நட் என்று பழைய பாகத்தில் இல்லாத எதையாவது அதிலிருந்து எடுக்க வேண்டி வரும். துளை ஒத்துப்போகாவிட்டால் கடைக்காரரிடம் பக்கத்தில் வைத்துக் காட்டுவதற்கும் அது வேண்டும்.